மரத்தின் வடக்குப் பக்கம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளைக்கு நிதி வைத்த பெரியவர் மரவாடி நடத்தியவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். மரம் வெட்டும் முறையைக் குறை சொல்லப்போகிற ஒருவனை மரவாடிப் பணத்தில் பேச அழைத்திருக்கிறீர்கள். பெரிய மனசுதான். ஆனாலும் குடும்பத்தார் பதற வேண்டாம். மரமே வெட்டக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் என் கையிலிருக்கும் தாளும் எங்கோ ஒரு காட்டில் நின்றவைதான். வெட்டுவதற்கென்றே பராமரிக்கப்படும் காட்டில், மரப்பட்டையை நம்பி வாழும் ஒரு சிற்றுயிரையும் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம். உயிர், லைக்கன். இடம், பெரும்பாலும் கனடாவின் கிழக்குக் கரை. நடுவில் அமெரிக்காவின் ஆரிகனுக்கும் ஸ்வீடனுக்கும் போய்வர வேண்டியிருக்கும்.

லைக்கன் உங்களில் பலருக்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆனால் செட்டிநாட்டுக் குழம்பு சாப்பிட்ட எல்லோரும் லைக்கன் சாப்பிட்டவர்கள். தாளிப்பில் பட்டை, சோம்போடு போடுகிற கறுப்பும் வெளுப்புமான அந்தக் கல்பாசி ஒரு லைக்கன்தான். எண்ணெயில் விழும்வரை அதற்கு மணமே இருக்காது. காட்டில் பாறையிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் சுரண்டி எடுத்துச் சந்தைக்கு வருகிறது. எத்தனை ஆண்டு வளர்ச்சியைக் கரண்டியில் அள்ளுகிறோம் என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

லைக்கன் தனி ஓர் உயிர் இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை உடலைக் கட்டுகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் பச்சைப் பாசியோ நீலப்பச்சைப் பாசியோ ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை கொடுக்கிறது. 1860களில் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது அக்கால லைக்கன் அறிஞர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர். பாரிஸின் லக்ஸம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் இருப்பதையும், நகரத்தின் புகை சூழ்ந்த மற்ற இடங்களில் அவை இல்லாததையும் 1866இல் எழுதி, காற்றின் தூய்மைக்கு லைக்கன் சாட்சி என்று முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். அவ்வளவு கூர்மையான கண் உள்ளவர், லைக்கன் இரண்டு உயிர் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 2016இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர் சில லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருப்பதைக் கண்டார்கள். குடித்தனத்தில் ஆள் எண்ணிக்கை பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். எரியோடெர்மா பெடிசெல்லாட்டம். ஆங்கிலத்தில் போரியல் ஃபெல்ட் லைக்கன் என்பார்கள். ஃபெல்ட் என்றால் கம்பளித் துணி. காய்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த பழுப்பு நிறம். மழை பட்டால் நீலச் சாம்பலாக மாறிவிடும். பெரும்பாலும் நான்கைந்து சென்டிமீட்டர் அகலம்தான், நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேற்பரப்பு முழுவதும் பொடி ரோமம். விளிம்புகள் மேலே சுருண்டிருப்பதால் அடிப்பக்கத்து வெள்ளை தெரியும். தூரத்திலிருந்து அடையாளம் காண அந்த வெள்ளைக் கோடுதான் உதவும். நடுவில் செம்பழுப்பு நிறத்தில் குட்டித் தட்டுகள் சிறு காம்புகளின் மேல் நிற்கும். அவற்றில்தான் வித்துகள் உருவாகின்றன.

இது எங்கே இருக்கும் என்று தேடினால் ஒரு முகவரியே எழுதிவிடலாம். அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து அதிகம் போனால் 30 கிலோமீட்டருக்குள். ஸ்ஃபாக்னம் பாசி மெத்தையாகப் படர்ந்த சதுப்பு நிலத்தின் ஓரம். அங்கே நிற்கும் பால்சம் ஃபிர் மரம். அந்த மரத்தின் அடித்தண்டில் வடக்குப் பார்த்த பக்கம். இவ்வளவு பிடிவாதக்காரன் உலகத்தில் எங்கெல்லாம் இருக்க முடியும்? 1902இல் கனடாவின் காம்ப்போபெல்லோ தீவில் முதலில் சேகரித்தார்கள். இன்று அந்தத் தீவில் இல்லை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் இருந்தது. ஸ்வீடனில் அழிந்துவிட்டது. கனடாவின் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து, பிறகு அலாஸ்கா, ரஷ்யாவின் கம்சட்கா என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கிறது. 2003இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) செம்பட்டியலில் மிகவும் அருகிவரும் இனம் என்று சேர்த்தார்கள். யானைக்கும் புலிக்கும் இடம் கொடுத்த அந்தப் பட்டியலில் லைக்கன் என்ற வகைக்கே அதுதான் தொடக்கக் காலம்.

நோவா ஸ்கோஷியாவின் கணக்கைக் கேளுங்கள். வுல்ஃப்காங் மாஸ் என்ற லைக்கன் அறிஞர் 1980களில் அந்தக் கரையோரக் காடுகளில் நடந்து நடந்து தேடினார். அவர் காலத்தில் அங்கும் அண்டை மாகாணத்திலுமாகத் தெரிந்திருந்த இடங்கள் 46. இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது மிஞ்சியவை 3 இடங்கள், 13 லைக்கன்கள். அதை வைத்து 2002இல் கனடாவின் அரிய உயிரினக் குழு அட்லாண்டிக் பகுதியில் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. அதன் பிறகு ராபர்ட் கேமரன் முதலிய ஆய்வாளர்கள், நான் சொன்ன முகவரியையே கணினி வரைபடத்தில் ஏற்றி, எங்கெல்லாம் இருக்க வாய்ப்புண்டு என்று குறித்துக்கொண்டு தேடப் போனார்கள். புதிய இடங்கள் கிடைத்தன. இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதை வைத்து இனம் பெருகிவிட்டது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தேடியதால் கிடைத்தது என்பதற்கும் கூடியதால் கிடைத்தது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பழைய 46 இடங்களில் போனது போனதுதான்.

ஏன் போயிற்று? இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது காற்று. எரியோடெர்மாவின் கூட்டாளி ரைசோனீமா என்ற நீலப்பச்சைப் பாசி. நீலப்பச்சைப் பாசியோடு வாழும் லைக்கன்கள் கந்தக டை ஆக்சைடுக்கு மிக எளிதில் பலியாகும். வட அமெரிக்காவின் தொழிற்சாலைகளிலும் நிலக்கரி மின் நிலையங்களிலும் எழுந்த புகை காற்றோடு கிழக்கே வந்து, அந்தக் கரையில் அமில மழையாகவும் அமில மூடுபனியாகவும் இறங்கியது. மரப்பட்டைக்கு அதைத் தாங்கி நடுநிலைப்படுத்தும் வலு ஓரளவுதான் உண்டு. ஃபிர் மரப்பட்டை ஏற்கெனவே அமிலத் தன்மை கொண்டது. இந்த விஷயத்தில் மரவாடிக்காரர்கள் மேல் பழி இல்லை. சட்டங்கள் வந்து கந்தகம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் போன லைக்கன் தானாகத் திரும்பி வரவில்லை. அது ஏன் என்பதில்தான் இரண்டாவது காரணமான மரவெட்டு இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன உடலியல். பச்சைப் பாசி கொண்ட லைக்கன்களுக்குக் காற்றிலுள்ள ஈரப்பதமே போதும். விடியற்காலை ஈரக் காற்று பட்டாலே விழித்து ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். நீலப்பச்சைப் பாசி கொண்டவற்றுக்கு அது போதாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீரே வேண்டும். மழை, தண்டில் வழியும் நீர், இலைகளில் சேர்ந்து சொட்டும் மூடுபனி. 1980களில் ஜெர்மானிய ஆய்வாளர் ஓட்டோ லாங்கெயும் உடனிருந்தவர்களும் இதை ஆய்வுக்கூடத்திலேயே தெளிவாக நிறுவினார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். காட்டின் நடுவே நிற்கும் ஒரு ஃபிர் மரம். சுற்றிலும் நான்கு பக்கமும் மரம். வடக்குப் பக்கத்தில் நேர் வெயில் கிடையாது. காலை பெய்த மழையின் ஈரம் மதியம்வரை தங்கும். பக்கத்து மரங்களை வெட்டி எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மரத்தை யாரும் தொடவில்லை. ஆனால் காற்று நேராக வந்து அடிக்கிறது. பத்து மணிக்குள் பட்டை காய்ந்துவிடுகிறது. லைக்கன் விழித்திருந்து சம்பாதிக்கும் நேரம் சுருங்குகிறது. பல மாதம், சில ஆண்டு கழித்து ஓரத்திலிருந்து பழுத்து உதிர்கிறது. கோடரி அதன் மேல் படவே இல்லை.

இதனால்தான் நோவா ஸ்கோஷியா அரசு, தன் வசமுள்ள காடுகளில் பட்டியலிடப்பட்ட லைக்கன் கிடைத்தால் அதைச் சுற்றி வட்டம் போட்டு அதற்குள் வெட்டக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. வட்டத்தின் அளவு இனத்துக்கு இனம் மாறும். பலவற்றுக்கு 100 மீட்டர். வரைபடத்தில் குத்தூசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளையம். வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் தன் திரையில் அந்த வளையத்தைப் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும். நல்ல விதி. எளிய விதி. ஈரத்தைக் காப்பாற்றும் விதி. இன்றைக்கு நான் சண்டை போட வந்திருப்பது இந்த வளையத்தோடுதான்.

சண்டைக்கு முன் ஆரிகனுக்குப் போய்வருவோம். 1970களின் தொடக்கத்தில் வில்லியம் டெனிசன் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர்களும் பாறையேறும் கயிறுகளையும் கொக்கிகளையும் வைத்துக்கொண்டு ஹெச்.ஜே. ஆண்ட்ரூஸ் பரிசோதனைக் காட்டின் டக்ளஸ் ஃபிர் மரங்களில் ஏறினார்கள். 60, 70 மீட்டர் உயர மரங்கள். மேலே என்ன இருக்கிறதென்று அதுவரை ஒழுங்காகக் கணக்கெடுத்தவர்கள் இல்லை. அவர்கள் கண்டது லொபாரியா ஆரிகனா என்ற லைக்கன், கிளைகளில் கீரைக்கட்டுபோல் குவிந்து கிடந்தது. அதற்குள் இருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது. குளிர்காலப் புயலில் துண்டு துண்டாகத் தரையில் விழுந்து மட்கி அந்த நைட்ரஜன் மண்ணுக்குப் போகிறது. முதிர்ந்த காட்டில் இந்த ஒரு லைக்கனே ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சில கிலோவிலிருந்து பதினைந்து கிலோவையொட்டி வரை நைட்ரஜன் சேர்ப்பதாகக் கணக்குகள் சொல்கின்றன. யூரியா மூட்டையின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

லொபாரியா ஆரிகனா இளங்காட்டில் அபூர்வம். மரங்கள் இருநூறு வயதைத் தாண்டிய காடுகளில்தான் குவியும். ஆகவே அதற்கு முதிய மரம்தான் பிடிக்கும், இளமரத்துப் பட்டையும் வெளிச்சமும் ஒத்துவராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீபன் சில்லெட், புரூஸ் மெக்கூன் முதலியவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். லைக்கனின் துணுக்குகளை எடுத்து, முதிய காட்டில், இளங்காட்டில், மொட்டையாக வெட்டி மறுபடி முளைத்த இடத்தில் என்று எல்லா இடத்துக் கிளைகளிலும் விதைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு பலருக்கும் எதிர்பாராதது. எல்லா இடத்திலும் பிடித்து வளர்ந்தது. இளமரத்தில் வாழ அதற்குத் தடையொன்றும் இல்லை. அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. அதன் துணுக்கு கனமானது. காற்றில் அதிக தூரம் போகாது. பக்கத்து மரம், அதற்கடுத்த மரம் என்று தவழ்ந்துதான் பரவும். அப்படித் தவழ்ந்து போய்ச் சேர்ந்து பெருகுவதற்குள் நூறு, இருநூறு ஆண்டுகள் ஆகிவிடும். ஆரிகனின் தனியார் காடுகளில் மரத்தை வெட்டும் சுழற்சியோ நாற்பது, ஐம்பது ஆண்டு.

என் பேச்சின் மையம் இங்கேதான் இருக்கிறது. மரத்தொழிலில் லைக்கனைக் கொல்வது பெரும்பாலும் நாட்காட்டி. அடுத்த மரத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன் அந்த மரமும் போய்விடுகிறது. நாம் பாதுகாப்பு என்று வகுக்கும் திட்டங்களோ எல்லாம் இடக் கணக்கு. இத்தனை மீட்டர், இத்தனை ஹெக்டேர். எத்தனை ஆண்டு என்று கேட்கும் விதி அரிது.

ஆரிகனில் அரசு முயற்சியே இல்லை என்று சொன்னால் அநியாயம். முதிய காட்டில் வாழும் புள்ளி ஆந்தையைக் காப்பதா, மரத்தை வெட்டுவதா என்ற சண்டை நீதிமன்றம்வரை போய், 1994இல் வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்தது. மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர் அரசுக் காடு. முதிய காட்டை நம்பிய பூஞ்சை, லைக்கன், நத்தை என்று சுமார் 400 இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் பலவற்றுக்கு வெட்டுவதற்கு முன் ஆய்வு செய், இருந்தால் ஒதுக்கு என்றார்கள். மரத்தொழில்காரர்கள் இதை வெறுத்தார்கள். ஒரு நத்தைக்காகக் குத்தகை நிற்கிறதே என்றார்கள். 2004இல் அரசு அந்த விதியையே எடுத்துவிட்டது. நீதிமன்றம் அது செல்லாது என்றது. இழுபறி நீண்டது. இதில் யாரும் அதிகம் பேசாத லாபம் ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன் ஆள் போய்த் தேடியே ஆக வேண்டும் என்ற விதி வந்ததால், லைக்கனை அடையாளம் காணத் தெரிந்த ஒரு தலைமுறையே அங்கே உருவானது. பட்டியலில் அரிது என்றிருந்த சில இனங்கள் தேடத் தேட நிறையக் கிடைத்துப் பட்டியலிலிருந்து வெளியேறின. சட்டத்தால் விளைந்த அறிவு அது. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு நானே சொல்வதால் நம்பலாம்.

ஸ்வீடனின் கதை வேறு மாதிரி. அங்கே காடு என்றால் பெரும்பாலும் தொழில்காடு. 1950களிலிருந்து பரப்புப் பரப்பாக மொத்தமாக வெட்டி நடும் முறைதான். 1993இல் வனச் சட்டத்தை மாற்றி, உற்பத்திக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் சம மதிப்பு என்று எழுதினார்கள். அதன்படி வெட்டும் இடத்திலும் சில மரங்களை விட்டுவைக்க வேண்டும். அப்படி விட்ட மரத்துக்கு அங்குள்ள வனத்தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர், நித்திய மரம். அடுத்த சுழற்சியிலும் அதை வெட்டக்கூடாது. தானாகச் சாய்ந்து மண்ணோடு மண்ணாகும்வரை அது அங்கேயே நிற்கும். இதில் நான் பார்ப்பது மேலே சொன்ன ஆண்டுக் கணக்குதான். எத்தனை நாள் என்ற கேள்விக்கு, சாகும்வரை என்று பதில் எழுதியிருக்கிறார்கள்.

இப்படி நட்ட நடு வெட்டவெளியில் ஒற்றையாக நிற்கும் மரத்தில் லைக்கன் பிழைக்குமா? பெர் ஹேசலும் லேனா குஸ்டாஃப்சனும் 1990களின் நடுவில் சோதித்தார்கள். லொபாரியா புல்மொனாரியா என்ற லைக்கனை எடுத்துக்கொண்டார்கள். அகலமான பச்சை மடல்கள். நுரையீரலைப்போல் மேடுபள்ளம். ஐரோப்பாவில் காடு பழமையானது என்பதற்கு இது அடையாளம். அதை ஆஸ்பென் மரங்களின் தண்டில் பொருத்தினார்கள். சில மரங்கள் காட்டுக்குள், சில வெட்டவெளியில். 14 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தன. ஆனால் வெட்டவெளி மரத்தில் இருந்தவை காட்டுக்குள் இருந்தவற்றுக்குச் சளைக்காமல் தாக்குப்பிடித்திருந்தன. முக்கியமாகத் தண்டின் வடக்குப் பக்கத்தில் இருந்தவை. ஆஸ்பெனின் பட்டை அமிலம் குறைந்தது. இந்த லைக்கனின் முக்கியக் கூட்டாளி பச்சைப் பாசி. ஆகவே அதற்குச் சொட்டுத் தண்ணீர் கட்டாயம் இல்லை. வெளிச்சம் கூடியது அதற்குச் சாதகமாகவும் போயிற்று.

ஆக, ஒற்றை மரத்தை விட்டுவைக்கும் முறை ஸ்வீடனின் ஆஸ்பெனில் வேலை செய்கிறது. இதைப் பார்த்துவிட்டு அதையே உலகமெங்கும் சட்டமாக எழுதிவிடலாம் என்று ஒரு கட்சி கிளம்பியது. இங்கே நான் நோவா ஸ்கோஷியாவுக்குத் திரும்புகிறேன்.

ஆஸ்பென் நின்று நிலைக்கும் மரம். அதில் லைக்கன் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்குத் துணுக்குகளைத் தூவிக்கொண்டேயிருக்கலாம். பால்சம் ஃபிர் அப்படியில்லை. அந்தக் கரையோரத்தில் அது பெரும்பாலும் நூறு வயதைத் தொடுவதில்லை. காற்று முறிக்கும். வேர் அழுகும். ஸ்புரூஸ் பட்வோர்ம் என்ற புழு கூட்டமாக வந்து ஊசி இலைகளைத் தின்று காட்டையே பழுப்பாக்கும். அந்த மரத்தில் எரியோடெர்மா குடியேற மரத்துக்குக் கொஞ்சம் வயதாக வேண்டும். குடியேறி வித்து விடும் நிலைக்கு வளர மேலும் பல ஆண்டுகள். அதற்குள் மரத்தின் காலம் முடிய நெருங்கிவிடுகிறது. எனவே இந்த லைக்கனின் வாழ்க்கை முழுவதுமே இடம் மாறுவதில் கழிகிறது. ஒரு மரம் சாயும் முன் பக்கத்தில் தகுந்த வயதில் இன்னொரு மரம் தயாராக இருக்க வேண்டும். அது சாயும் முன் இன்னொன்று.

அதிலும் ஒரு சிக்கல். லொபாரியா தன் பூஞ்சையையும் பாசியையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டி அனுப்பும். எரியோடெர்மாவுக்கு அந்த வசதி இல்லை. அது வெளியே விடுவது பூஞ்சையின் வித்தை மட்டும். அந்த வித்து காற்றில் போய், வயதான ஃபிர் மரத்தின் ஈரமான வடக்குப் பக்கத்தில் இறங்கி, அங்கே ஏற்கெனவே தனியாக வாழ்ந்துகொண்டிருக்கும் ரைசோனீமாவைச் சந்தித்தால்தான் புதிய லைக்கன் பிறக்கும். பட்டையில் ஒட்டிப் படரும் ஃப்ருலானியா என்ற குறுந்தாவரத்துக்குள் அந்தப் பாசி பதுங்கியிருப்பதையும், இளம் எரியோடெர்மா அங்கே முளைப்பதையும் ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்தி, மண்டபம் கிடைத்து, மாப்பிள்ளையும் வந்து சேர வேண்டும்.

இப்போது வரைபடத்தில் போட்ட வளையத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு ஃபிர் மரம், வயது எழுபது என்று வையுங்கள். அதில் ஒரு லைக்கன். சுற்றிலும் வெட்டாமல் விட்ட ஒரு திட்டு. அதற்கப்பால் எல்லாம் ஒரே வயது இளங்கன்றுகள். இன்னும் இருபது ஆண்டில் நடு மரம் விழும். வளையத்துக்குள் வேறு தகுதியான மரம் இருந்தால் லைக்கனுக்கு அதிர்ஷ்டம். இல்லையென்றால் விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கும், லைக்கன் இருக்காது. அலுவலகக் கோப்பில் இது மீறல் என்றுகூடப் பதிவாகாது. கேமரனும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டு அளவில் கணக்கிட்டது. எரியோடெர்மாவுக்கு ஏற்ற வாழிடம் வெட்டால் இழக்கப்படும் வேகத்தை, வளர்ந்து தகுதி பெறும் வேகம் ஈடுகட்டவில்லை. இன்று லைக்கன் இல்லாத, நாளைக்கு அது போக வேண்டிய காடுகளும் அந்த இழப்பில் அடக்கம். நம் வளைய விதி லைக்கன் இருக்கும் மரத்தை மட்டுமே பார்க்கிறது. லைக்கன் இனிமேல் போகவேண்டிய மரத்துக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது.

அப்படியென்றால் வளையத்தை எடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இன்றைக்கு அந்த ஒரு விதிதான் கையில் இருக்கிறது. அதன் பலத்தை அண்மையில் நோவா ஸ்கோஷியாவில் பார்த்தோம். வெட்டுக்கு ஒதுக்கிய அரசுக் காடுகளில் ஊர்க்காரர்களே கைலென்ஸும் ஜி.பி.எஸ்ஸும் எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். பட்டியலிட்ட லைக்கன்களைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். வளையங்கள் விழுந்தன. சில இடங்களில் வளையமும் வளையமும் ஒட்டிக்கொண்டு வெட்டத் தகுந்த துண்டே சிதறிப்போனது. எனக்கு அவர்கள் மேல் மதிப்பு உண்டு. ஆனால் காட்டைக் காக்கும் முழுப் பாரத்தையும் ஒரு லைக்கனைக் கண்டுபிடிக்கும் தற்செயலில் ஏற்றிவைப்பது நல்ல ஆட்சிக்கு அழகில்லை. மழை பெய்த மறுநாள் போனவருக்குக் கிடைக்கும். வெயிலில் போனவர் அதே மரத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

செய்ய வேண்டியது என்னவென்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வில்லியம் லேஹி 2018இல் அந்த மாகாணத்துக்குக் கொடுத்த வன நடைமுறை அறிக்கையில் காட்டை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். ஒரு பகுதி முழுப் பாதுகாப்பு. ஒரு சிறு பகுதி தீவிர உற்பத்தி. நடுவிலுள்ள பெரும்பகுதியில் மெதுவாக, பொறுக்கியெடுத்து வெட்டுவது. அந்த நடுப்பகுதிதான் லைக்கனின் எதிர்காலம். சதுப்போரத்து ஃபிர் காடுகளில், லைக்கன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா வயது மரமும் எப்போதும் கலந்து நிற்கும்படி அங்கொன்று இங்கொன்றாக வெட்டலாம். மரமும் கிடைக்கும், காற்றுத் தடுப்பும் நிற்கும். வளையங்களைத் தனித்தனித் தீவாக விடாமல் ஈர நிலங்களின் வழியே ஒன்றோடொன்று கோத்துவிடலாம். ஒரு கன மீட்டர் மரத்துக்கு ஆகும் வெட்டுக் கூலி இதில் கூடும் என்பதை மறைக்கவில்லை. அந்தக் கூடுதலைச் சிறு காட்டுச் சொந்தக்காரர் தலையில் கட்டக்கூடாது. நோவா ஸ்கோஷியாவில் காட்டின் பெரும்பகுதி தனியார் வசம். அவர்களுக்கு அரசுக் காட்டின் விதி பொருந்தாது. தன் நிலத்தில் அரிய லைக்கன் இருக்கிறதென்று தெரிந்தால் வம்பு என்று நினைக்கும் சொந்தக்காரர் யாரையும் உள்ளே விடமாட்டார். அவருக்கு வாடகைபோல் ஆண்டுத் தொகை கொடுத்து வயதான மரங்களை நிற்கவைப்பதுதான் வழி.

விதைத்துப் பரப்பலாமே என்று மாணவர்கள் யோசிக்கலாம். லொபாரியாவுக்கு அது ஓரளவு நடக்கும் என்று ஆரிகன் சோதனையும் ஸ்வீடன் சோதனையும் காட்டிவிட்டன. வித்தை மட்டுமே நம்பிய எரியோடெர்மாவுக்கு அந்தக் குறுக்குவழி அவ்வளவு எளிதில் திறக்காது.

கடைசியாக நியூஃபவுண்ட்லாந்து. உலகில் எரியோடெர்மா அதிகமாகத் தெரிந்திருக்கும் இடங்களில் அந்தத் தீவு முக்கியமானது. அங்கே பிரச்சினை வேறு வாசல் வழியாக வந்தது. தீவில் மூஸ் மான் இயல்பாகக் கிடையாது. 1904இல் நான்கு மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் அழிந்துபோன தீவு. இன்று ஒரு லட்சத்துக்கு மேல். மூஸுக்கு மிகப் பிடித்த தீனி பால்சம் ஃபிர் கன்று. புழுவோ காற்றோ வெட்டோ காட்டைத் திறந்தவுடன் முளைக்கும் கன்றுகளை மொட்டை மொட்டையாகக் கடித்துவிடுகிறது. வயதான ஃபிர் விழுகிறது, பின்னால் வர வேண்டிய ஃபிர் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. வினோதம் என்னவென்றால், பக்கத்திலேயே நோவா ஸ்கோஷியா பெருநிலத்தில் அதே மூஸ் அழிந்துவரும் விலங்காகப் பட்டியலில் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தின் குரோஸ் மோர்ன், டெர்ரா நோவா தேசியப் பூங்காக்களுக்குள் 2011 முதல் மூஸ் வேட்டைக்கு அனுமதி கொடுக்கிறார்கள். காடு மீண்டும் முளைக்க வேண்டும் என்பதற்காக. வேலி போட்டு மூஸைத் தடுத்த சோதனைத் துண்டுகளில் ஃபிர் கன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் பட்டையில் ஃப்ருலானியா படர இன்னும் பல ஆண்டு ஆகும். அதுவரை அந்த வேலியைப் பழுதுபார்க்கும் செலவுக்கு ஒவ்வோர் ஆண்டும் யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.